இரண்டு வருட சர்வீஸ்

என் மனைவி கத்தரீனாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அவள் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் ஜீப் ஓட்டுகிறவன். கேரளப் பக்கம், சூரியநெல்லியில் வண்டியைப் போட்டுக்கொண்டு, கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போவேன். வாரம் முழுக்க ஈ ஓட்டினாலும் ஞாயிறு ஒரு நாள் கை கொடுத்துவிடும். அந்த ஞாயிற்றை இரண்டு வருடம் முழுசாக விழுங்கினவள் அவள். விழுங்கினதோடு நிற்காமல், "என்னங்க, இன்னைக்குக் கொஞ்சம் வெரசாப் போகலாம்ல, முதல் கிளாஸ் போயிரும்" என்று என்னையே விரட்டவும் செய்வாள்.

அவள் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். பக்கத்து டிவிஷனில் பிறந்து, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தாள். நன்றாகவே படித்தாள் என்று அவளும் சொல்கிறாள், அவளோடு படித்தவர்களும் சொல்கிறார்கள். பிளஸ் டூவுக்குக் கீழே டவுனுக்குப் போனபோது பாதிப் பாடம் இங்கிலீஷில், மீதிப் பாடம் மலையாளத்தில். இரண்டுக்கும் நடுவில் தமிழ்ப் பிள்ளை என்ன செய்யும்? தோற்றுப்போய் வந்து கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். பெர்மனன்ட் ஆனாள். என்னைக் கட்டிக்கொண்டாள். ஜெஸ்னாவைப் பெற்றாள். நாங்கள் மூன்று பேரும் குடியிருக்கும் லயத்து வரிசை வீடு அவள் பேரில் உள்ளது. எஸ்டேட்டில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. யார் பேர் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் இருக்கிறதோ அவர் வீடு.

ஒருநாள் சாயங்காலம், கொழுந்து எடை போட்டுவிட்டு வந்தவள் முகம்கூடக் கழுவாமல் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம், போடியில் ஒரு கல்லூரி. கலைப் பட்டயப் படிப்பு, தமிழ். இரண்டு வருடம். ஞாயிறு மட்டும் வகுப்பு. பத்தாம் வகுப்பு ஜெயித்திருந்தால் போதும். பட்டயம் முடித்தவர்கள் நேரே பி.ஏ. இரண்டாம் வருடத்தில் சேரலாம்.

"எதுக்குட்டி இது?" என்றேன்.

"படிக்க."

"படிச்சு?"

"படிச்சு முடிக்க."

இப்படிப் பதில் சொல்லும் பெண்பிள்ளையிடம் ஒரு மனிதன் என்ன பேசுவது? வேலை கிடைக்குமா என்றால் தெரியாதாம். சம்பளம் கூடுமா என்றால் கூடாதாம். ஜீப் ஸ்டாண்டில் கேட்கிறவர்களுக்கு நான்தான் காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒருவனிடம் பேங்க் வேலை என்றேன். இன்னொருவனிடம் டீச்சர் வேலை என்றேன். லிபின் என்று ஒரு பையன், எனக்குப் பின்னால் வண்டி போடுகிறவன், இரண்டையும் கேட்டுவிட்டு, "அண்ணே, மதினி பேங்க்லயா டீச்சர்?" என்று மானத்தை வாங்கினான். அதற்குப் பிறகு நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

ஞாயிறு என்றால் பூசை. எங்கள் எஸ்டேட் வேதக்கோவிலுக்குச் சாமியார் ஞாயிறு காலையில் மட்டும்தான் வருவார். பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்கிறவள் கத்தரீனாள். அவள் வாசித்தால் பின்வரிசை வரைக்கும் கேட்கும், சிறுபிள்ளைகள்கூட வாயை மூடிக்கொள்ளும். அவள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும், வாசகம் வாசிக்க ஆள் இல்லை என்று உபதேசியார் என்னைப் பிடித்துக்கொண்டார். ஏதோ நான்தான் அவளை மதம் மாற்றிவிட்டதுபோல அவருடைய பேச்சு. சரி, பூசை தவறக்கூடாது என்று இவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். போடியில் விடியற்காலைப் பூசை உண்டாம். அதற்கு நாங்கள் இருட்டோடு கிளம்ப வேண்டும். பூப்பாறை தாண்டி, போடிமெட்டு தாண்டி, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் தூக்கக் கலக்கத்தோடு இறக்கி, கோவிலில் உட்கார்ந்து நான் தூங்கி விழ, அவள் இடித்து எழுப்ப, அப்புறம் அவளைக் கல்லூரி வாசலில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வரை வெயிலில் காய வேண்டும். மலைமேல் பிறந்தவனுக்குப் போடி வெயில் என்றால் சும்மாவா? மேலே, என் இடத்தில், லிபின் சூரிய உதயம் காட்டிக்கொண்டிருப்பான்.

படிப்பு அவளோடு நின்றிருந்தாலாவது பொறுத்திருப்பேன். தேயிலைக் காடு முழுக்கப் பரவிவிட்டது. கொழுந்து எடுக்கும்போது அவள் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். பழைய காலத்துப் பாட்டுகளில் ஒரு பெண்ணும் பையனும் வீட்டுக்குத் தெரியாமல் சந்தித்துக்கொள்வார்கள் அல்லவா, அந்தப் பாடம் நடந்த மாதங்களில், வரிசையில் நின்ற பெண்களுக்கு வேறு பேச்சே இல்லை. அது ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்தைய கதை என்பதையே மறந்துவிட்டார்கள். ஏதோ மேல் டிவிஷனில் நடக்கிற விஷயம்போல, "அந்தப் பய திரும்பி வந்தானா இல்லையா? பொருள் தேடப் போறேன்னு சொன்னான்ல?" என்று கேட்டு அவளைத் துளைத்தார்கள். "அவளோட தோழி என்ன பண்ணிக்கிட்டிருக்கா? அம்மாகிட்டச் சொல்ல வேண்டியதுதான?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்தால் இதையெல்லாம் எனக்குச் சொல்வாள். நான் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்வேன். அந்தப் பையன் வந்தானா இல்லையா என்று எனக்கும் இருப்புக் கொள்ளாது, கேட்டால் மரியாதை போய்விடும்.

பரீட்சைக்கு முந்தின வாரங்களில் சோறு குழைந்தது, குழம்பு கருகியது, ஜெஸ்னா செய்த உப்புமாவில் ஆணி அடிக்கலாம். இத்தனைக்கும் நடுவில் அவள் ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போடவில்லை. அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும்.

பரீட்சையில் தேறினாள். சாதாரணமாக அல்ல, முதல் வகுப்பில். சான்றிதழ் வாங்கி வந்த அன்றைக்குக் கோழி அடித்தோம். லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. இனி ஞாயிறு என்னுடையது என்ற நிம்மதி அதைவிடப் பெரியதாக இருந்தது.

இந்த இடத்தில்தான் நாங்கள் கோட்டை விட்டோம். நான், அவள், லயத்தில் யோசனை சொன்ன அத்தனை பேரும். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு கணக்குத்தான் தெரியும், சர்வீஸ். கீழ் டிவிஷனில் பத்து வருடம் வேலை செய்தவர் மேல் டிவிஷனுக்கு மாற்றலானால் பத்து வருடமும் அவரோடு போகும். யாரும் அவரைப் புது ஆள் என்று சொல்ல முடியாது. எந்தத் துரை வந்தாலும் போனாலும் சர்வீஸ் சர்வீஸ்தான். படிப்பும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம். பட்டயத்தில் இரண்டு வருடம் போட்டாயிற்று, பல்கலைக்கழகம் எதுவானால் என்ன, அந்த இரண்டு வருடம் கூடவே வரும், அஞ்சல்வழியில் சேர்ந்து வீட்டிலிருந்தே பி.ஏ.வை முடித்துவிடலாம் என்பது எங்கள் திட்டம். கொழுந்தும் எடுக்கலாம், வீடும் இருக்கும், பட்டமும் வரும். கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. சர்வீஸ் செல்லுமா என்று எவனாவது கேட்பானா?

முதலில் கேரளப் பக்கம் ஒரு அஞ்சல்வழிப் பல்கலைக்கழகத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனோம். நிமி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். முகம் சுளிக்காமல் பேசினாள். ஆனால் அவள் பேசப் பேச எனக்குத் தலை சுற்றியது.

"சேச்சி, இது டிப்ளமா அல்லே? பிளஸ் டூ சர்டிபிகேட் எவிடே?"

"பிளஸ் டூ பாஸாகலைம்மா. அதுக்குப் பதிலாத்தான் இது."

"அது பற்றில்ல, முடியாது சேச்சி. இது பிளஸ் டூவுக்கு சமம்னு ஈக்குவலன்சி வேணும்."

"ரெண்டு வருசம் படிச்சிருக்கேனே?"

"அது அவிடே படிச்சது. இவிடே கணக்கில்லா."

அந்த ஈக்குவலன்சியை எங்கே வாங்குவது என்று கேட்டதற்கு, இன்னொரு அலுவலகத்தைச் சொன்னாள். அங்கே போனால், படிப்பு தமிழ்நாட்டில் படித்தது, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் முதலில் எழுதித் தர வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு அஞ்சல்வழிக் கல்வி மையத்தில் நேரே சேரவாவது வழி உண்டா என்று கேட்டால், அங்கேயும் பிளஸ் டூ. அதுபோக, "நீங்க கேரளா அட்ரஸ் வச்சிருக்கீங்களே" என்று ஒரு முனகல். இந்தப் பக்கம் வந்தால் நாங்கள் தமிழ்ப் பாண்டி, அந்தப் பக்கம் போனால் கேரளாக்காரர்கள். எங்களை வைத்துக்கொள்ள எவனுக்கும் மனசு இல்லை. என் ஜீப் மட்டும் இரண்டு மாநிலத்து ரோட்டையும் தேய்த்தது. நான் ஒவ்வொரு கவுண்டரிலும் குரலை உயர்த்துவேன், கத்தரீனாள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வருவாள். அவள் மட்டும் யார் மேலும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கடைசியில் தொடங்கின இடத்துக்கே போனோம், போடி கல்லூரிக்கு. அலுவலகத்தில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்த மாத்திரத்தில், "தாராளமா சேரலாம்மா. பி.ஏ. தமிழ், ரெண்டாம் வருசம். அதுக்குத்தானே இந்தப் பட்டயமே?" என்றார். இத்தனை நாள் அலைந்ததற்கு யாரை அடிப்பது என்று தெரியாமல் நான் நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை கிளாஸ்தானே சார்?" என்று கத்தரீனாள் கேட்டாள்.

"ஞாயிறு பட்டயத்துக்கு மட்டும்தாம்மா. டிகிரி ரெகுலர். திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் தினம் வரணும்."

முதல்வர் பார்க்க வேண்டும் என்று உள்ளே அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். பெரிய மனுஷர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, இந்த வயதில் வேலையை விட்டுவிட்டு எதற்காகப் பட்டம் என்று கேட்டார். இரண்டு வருடமாக நான் கேட்ட அதே கேள்வி. எனக்குக் கிடைத்த பதில்தான் அவருக்கும் கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

"பதினேழு வயசுல பாதியில நின்னுபோச்சு சார்," என்றாள் கத்தரீனாள். "அது அங்கனயே நிக்குது. எனக்கு மட்டும் வயசு ஏறிக்கிட்டே போகுது."

முதல்வர் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளை ஒருமுறை பார்த்தார். இடம் வைத்திருப்பதாகவும், வரும் வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். இந்தப் பதிலை என்னிடம் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம்.

தினமும் கல்லூரி என்றால் கொழுந்து வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் வீடு கிடையாது. வெளியே வாடகைக்குப் போகலாம் என்றால், எங்கள் பக்கம் ஒட்டுக்குடிசைக்குக்கூட ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டிவிட்டார்கள், குடும்பத்துக்கு யாரும் வீடு தருவதில்லை. சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. ஜெஸ்னா ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளிக்கூடம் இங்கே. ஆகவே இருவருமாக எஸ்டேட் ஆபீசுக்குப் போய் ஃபீல்டு ஆபீசரைப் பார்த்தோம். இரண்டு வருடம் சம்பளமில்லாத லீவு கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனுஷர் அல்ல, ஆனால் சிரித்துவிட்டார்.

"கத்தரீனா, நீ வேலைய விட்டா வீட்டக் காலி பண்ணணும். இல்லைன்னா உனக்குப் பதிலா உன் வீட்டுல ஒருத்தர் செக்ரோல்ல பேர் போடணும். அப்படின்னா வீடு அப்படியே இருக்கும். இவரு பேர் போடுவாராமா?" என்று என்னைக் காட்டினார்.

"அது நடக்காது சார்," என்று நான் முந்திக்கொண்டேன். அங்கிருந்த நாற்காலி மேசைக்கெல்லாம் கேட்டிருக்கும்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். என் அப்பா இந்தத் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியே முதுகு வளைந்து செத்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடும்போது, அவரைவிட இருபது வயது சின்னவன் எல்லாம் அவரைப் பேர் சொல்லி அதட்டுவான். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் பேர் அந்த செக்ரோலில் ஏறாது என்று மீசை முளைக்கும் முன்னாலேயே முடிவு செய்தேன். கிளீனராகப் போய், டிரைவராகி, பழைய ஜீப் ஒன்றைச் சொந்தமாக்கினேன். இன்றைக்கு வரைக்கும் எனக்கு மணி அடிக்கிற ஆள் கிடையாது. துரை வந்தாலும் நான் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டுதான் வணக்கம் சொல்வேன். எங்கள் லயத்தில் அப்படிப்பட்ட ஆம்பிளை நான் ஒருவன்தான். அந்த ஒன்றைக் கொடு என்று கேட்டால் எங்கே போவது?

அன்றைக்கு வீட்டில் நான் பெரிய பிரசங்கமே நடத்தினேன். அப்பாவைப் பற்றி, வண்டியைப் பற்றி, ஆம்பிளை மரியாதையைப் பற்றி, படித்தவர்கள் எல்லாம் என்னத்தைக் கிழித்துவிட்டார்கள் என்பது பற்றி. அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது, "சரிங்க. விடுங்க," என்றாள்.

"என்னத்த விட?"

"காலேஜைத்தான். பட்டயம் வாங்கியாச்சுல்ல, போதும்."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் வழக்கம்போலத் தலையில் துணியைக் கட்டி, இடுப்பில் சாக்கைச் சுற்றி, கொழுந்து வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். அழவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டி வைத்திருந்தாலாவது நான் நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லை. புத்தகங்களை ஒரு அரிசிப் பைக்குள் போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். சாயங்காலம் தேயிலைக் காட்டில் நடந்த கதை எதையும் சொல்லவில்லை. ஜெஸ்னாதான் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத் திட்ட முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டாண்டில் நிற்கிறேன். எர்ணாகுளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அப்போது பார்த்து லிபின் வந்து, "அண்ணே, மதினிக்கு இன்னைக்குத்தானே கடைசி நாள்? போடிக்குப் போகலையா?" என்றான்.

"அவ படிக்கலையாம்," என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று அவன் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. அவன் மேல் அல்ல. அவள் மேல். இரண்டு வருடம் என் ஞாயிற்றுக்கிழமையை எல்லாம் தின்றவள், போடி வெயிலில் என்னைக் கருவாடாக்கினவள், இரண்டு மாநிலத்துக் கவுண்டரிலும் என்னைக் கத்த வைத்தவள், நான் ஒரு பிரசங்கம் செய்தேன் என்பதற்காக "சரிங்க, விடுங்க" என்று விட்டுவிடுவதா? அவள் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டாமா? என் உழைப்பும் அதில் இருக்கிறதே, அதை விட்டுவிட இவள் யார்?

"லிபினே, இவுகள நீ கூட்டிட்டுப் போ," என்று வந்தவர்களை அவன் வண்டியில் ஏற்றிவிட்டு நேரே எஸ்டேட் ஆபீசுக்கு விட்டேன்.

"என்ன சுவக்கீன், வண்டி ரிப்பேரா?" என்றார் ஃபீல்டு ஆபீசர்.

"பேர் போடணும் சார்."

"யார் பேரு?"

"என் பேருதான். கத்தரீனாளுக்குப் பதிலா. வீடு அப்படியே இருக்கணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மருந்தடிக்கவோ கவ்வாத்துக்கோ இப்ப ஆள் தேவையில்லப்பா. கொழுந்துக்குத்தான் தேவை. பொம்பளைங்க வரிசையில நின்னு வெட்டணும். முடியுமா?"

அதையும் என் தலையில் கட்ட வேண்டுமா! கவ்வாத்தாவது ஆம்பிளை வேலை. "ஜார்க்கண்டுல இருந்து வந்த பசங்க வெட்டலையா? வெட்டுறேன்," என்றேன். எங்கே கையெழுத்து என்று கேட்டேன். யோசித்தால் போடமாட்டேன் என்று எனக்கே தெரியும். அதனால் யோசிக்காமல் போட்டேன்.

அவள் வரிசை ரோட்டுக்கு மேலே சரிவில் இருந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே நின்று, "ஏட்டி கத்தரீனா! இறங்கி வா!" என்று கத்தினேன். அத்தனை பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் செடிக்குள் தடுமாறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னாச்சு? ஜெஸ்னாவுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. கிளம்பு. காலேஜ் ஆபீச மூடிருவாங்க."

"நாந்தான் விட்டுட்டேன்னு சொன்னேன்ல?"

"நீ விட்டுட்ட. நான் விடல. என் ஞாயித்துக்கிழமைக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

"வீடு போயிரும்ங்க."

"போகாது. பேர் போட்டாச்சு."

"யார் பேர?"

"என் அப்பன் பேர! ஏறுட்டி வண்டியில."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மேலே நின்ற ஒருத்திக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. "ஏ, அண்ணன் நாளையிலருந்து நம்ம வரிசைக்கு வாராகளாம்!" என்று அவள் கூவ, சரிவு முழுக்கச் சிரிப்பு. கத்தரீனாள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள், "வெட்டினத எடை போட்டுட்டு வாரேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். இடம் போகப் போகிறது, இவளுக்குக் கொழுந்து எடை! ஆனால் அவளை யார் அசைப்பது? மூட்டையைச் சுமந்து போய், தராசுக்காரர் வரும் வரை நின்று, எடை போட்டு, கத்தரியைத் திருப்பி ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தாள். குழாயடியில் கைகால் கழுவி, சேலை மாற்றி, கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பையை இழுத்துக்கொண்டு ஏறினாள். போடிமெட்டு வளைவுகளை நான் அப்படி ஒருநாளும் இறக்கியதில்லை. வழியெல்லாம் அவள் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பேசினேன், எல்லாம் முன்னால் போன லாரிக்காரர்களைப் பற்றி.

அலுவலகத்தில் அந்த மனுஷர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். எங்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டுத் திரும்ப உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். பேர், ஊர், பிறந்த தேதி. அவள் டக் டக்கென்று சொன்னாள்.

"கணவர் பேரு?"

"சுவக்கீன்."

"என்ன தொழில்?"

"டிரைவர்," என்றாள் அவள், சட்டென்று, என் பக்கம் திரும்பாமல்.

ஜீப் சாவி என் கையில்தான் இருந்தது. அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இனி ஞாயிறுதோறும் வண்டி ஓடத்தானே போகிறது. அப்படியே விட்டிருக்கலாம், அவரும் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். ஆனால் எனக்காக அவள் மறைக்கிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"டிரைவர் இல்ல சார்," என்றேன். "தோட்டத் தொழிலாளின்னு போடுங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அழித்துவிட்டுத் தட்டினார். அடுத்துப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். என் வாழ்நாள் முழுக்க வாயில் வராமல் வைத்திருந்த வார்த்தை, வந்துவிட்டது, ஒன்றும் இடிந்து விழவில்லை.

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். வண்டிப் பக்கம் போகாமல் கல்லூரி வாசலிலேயே நின்றாள்.

"நாளைக்குச் செருப்போட போயிராதீங்க. கால்ல அட்டை ஏறும்," என்றாள். "என் பூட்ஸ் உங்களுக்குப் பத்தாது."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். பிளஸ் டூவில் தோற்றதற்கு அழுதாளோ என்னவோ, நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இப்படி அழுது பார்த்ததில்லை. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நான் அவளை அடித்துவிட்டேன் என்று நினைத்து முறைத்தார்கள்.

"அழாதட்டி, ஆளுக பாக்காங்க," என்றேன். "பூட்ஸ் எந்தக் கடையில கிடைக்கும், அதச் சொல்லு."